திரிசூலம், நாலாவது ஸ்டேஷன்

ஹாலுக்குச் சொரசொரப்பான டைல்ஸ்தான் நல்லது என்று மேஸ்திரி சொன்னார். மனைவி சொன்னாள். கடைக்காரரே சொன்னார். முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாகத்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான் ஒருவன்தான். 2022 ஐப்பசியில் ஒரு சாயங்காலம், சேலையூர் வானம் பொத்துக்கொண்டு ஊற்றி, பால்கனிச் சாரல் ஹாலுக்குள் நாலடி நடந்து வந்திருந்த நேரம், ப்ளஸ் ஒன் படிக்கும் என் மகள் அந்தப் பளபளப்பின் மேல் கால் வைத்தாள். முகம் தெரிந்ததா என்று விசாரிக்கும் நிலையில் அவள் இல்லை. வலது மணிக்கட்டில் விரிசல். ஐந்து வாரம் மாவுக்கட்டு.

குற்றவாளி யார் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. தண்டனையை மகளே முடிவு செய்தாள். லேப்டாப்பில் ஒரு விளையாட்டை அப்போதுதான் ஆரம்பித்திருந்தாளாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி வாங்கிய கண்ட்ரோலர் ஒன்று இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும். தம்பியிடம் கொடுக்கலாம் என்றால், அவன் சொன்ன பேச்சுக் கேட்க மாட்டான்.

"நீங்கதான்ப்பா சொன்னதைச் செய்வீங்க. நான் சொல்றேன், நீங்க அமுக்குங்க."

பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

விளையாட்டின் பெயர் 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. புனேயில் செய்தது. 2020 ஆகஸ்டில் நிண்டெண்டோ ஸ்விட்சிலும், அக்டோபரில் கம்ப்யூட்டருக்கும் வந்திருக்கிறது. நம் ஊர்ப் புராணத்தை வைத்து நம் ஊர்க்காரர்கள் செய்த விளையாட்டு ஒன்று அந்த வருடத்து 'தி கேம் அவார்ட்ஸ்' விருதுக்கு, முதல் படைப்புக்கான பட்டியலில் நின்றது என்று மகள் சொன்னாள். கிடைத்ததா என்று கேட்டேன். "கேட்கணுமாப்பா?" என்றாள். எங்கள் வீட்டில் பரிசு பெற்றவர்கள் குறைவு என்பதால் அந்தத் தொனி எனக்குப் புரிந்தது.

கதை இதுதான். ராஜி என்று ஒரு பெண், கோலு என்று அவள் தம்பி. ஊர் ஊராக வித்தை காட்டும் பிள்ளைகள். ராக்கி கட்டும் பண்டிகை நாளில், பழைய போரில் தோற்றுப்போன அசுரர்கள் மகாபலாசுரன் தலைமையில் திரும்பி வந்து ஊரை நாசமாக்கிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தம்பியும் போய்விடுகிறான். அக்கா தேடிக் கிளம்புகிறாள். துர்க்கை அவளுக்குத் திரிசூலம் தருகிறாள். கோட்டை, மதில், பாழுங்கிணறு மாதிரியான பள்ளங்கள், நூலிழையில் தாவ வேண்டிய இடைவெளிகள் எல்லாவற்றையும் தாண்டிக்கொண்டே போக வேண்டும்.

சோபாவின் இன்னொரு மூலையில் ராமஜயம் எழுதிக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு இதில் இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது.

"கொலு காணோமா? பரண்லதானே இருக்கு. பெரிய டிரங்குப் பெட்டி."

"கொலு இல்ல பாட்டி, கோலு. தம்பி."

"தம்பியைக் காணோமா?" என்று அம்மா எழுந்தே விட்டாள். ஆறாவது படிக்கும் என் மகன் அடுக்களையில் ஹார்லிக்ஸை வெறும் ஸ்பூனில் தின்றுகொண்டிருந்தவன், தன்னைத் தேடுகிறார்கள் என்று டப்பாவை மூடினான்.

எனக்குக் கதையைவிட அதைச் சொல்கிற முறை பிடித்தது. திரையில் ராஜி ஓடிக்கொண்டிருப்பாள். மேலே எங்கிருந்தோ துர்க்கையும் விஷ்ணுவும் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பெண்ணால் முடியுமா, இவளைப்போய்த் தேர்ந்தெடுத்தாயே, பார்ப்போம் பார்ப்போம் என்கிற பாணி. பின்னால் அடுக்களையிலிருந்து மனைவியும் சோபாவிலிருந்து அம்மாவும் என்னைப் பற்றி இதே பாணியில் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தக் குரல் லேப்டாப்பிலிருந்து வருகிறது என்பதில் எனக்குச் சில சமயம் குழப்பம் வந்தது உண்மை. ஆனால் லேப்டாப்பில் இருந்தவர்கள் ஆங்கிலம் பேசினார்கள்.

"பெருமாள் இங்கிலீஷ் பேசறார்" என்றாள் அம்மா. கண்டிப்பும் இல்லை, வியப்பும் இல்லை. மாம்பலத்து உறவினர் மகனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு ஒரு விஷயம் சொன்னாள். அதை விளையாட்டைச் செய்தவர்கள் யோசித்துத்தான் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது, செய்திருந்தால் கும்பிடலாம். "துர்க்கைக்கு அண்ணன்தானே விஷ்ணு. நம்ம கோயில்ல வடக்கே பார்த்து நிக்கறவ கையில சங்கு சக்கரம் பார்த்ததில்லையா? அண்ணனும் தங்கையும் உக்காந்துண்டு, அக்கா தம்பி கதையைப் பேசறா."

அதற்குள் நான் ராஜியைப் பள்ளத்தில் தள்ளியிருந்தேன்.

இங்கே என் வீர தீரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்கு வெள்ளெழுத்து. இந்த விளையாட்டில் காமிரா எட்டத்தில் நின்றுகொண்டு, பிரமாண்டமான கோட்டைக்குள் ராஜியை எறும்பளவு காட்டும். கண்ணாடியின் மேல் பாதி வழியாகப் பார்த்தால் கோட்டை தெரியும், ராஜி தெரிய மாட்டாள். கீழ்ப் பாதி வழியாகப் பார்த்தால் என் மூக்கு தெரியும். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே விளையாடினேன். இதைச் செய்த கம்பெனிக்கு 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்று பெயர் என்றாள் மகள். அதாவது தலையாட்டிகள். புனேக்காரர்களுக்கு எங்கிருந்து தஞ்சாவூர் ஞானம் வந்ததோ தெரியவில்லை. கண்ட்ரோலரும் கையுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, "பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க" என்றாள் மனைவி.

"குதிப்பா."

குதித்தேன். அதாவது நான் சோபாவில் குதித்தேன். ராஜி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பட்டனை அமுக்கிட்டுக் குதிப்பா!"

அமுக்கினேன். அது உருளுவதற்கான பட்டன். ராஜி அழகாக உருண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போனாள். மகள் கட்டுப் போட்ட கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் இப்போதும் அந்த இடத்துக்கு 'அப்பா மதில்' என்று பெயர்.

செத்தால் ஒன்றும் மோசமில்லை. கொஞ்ச தூரம் பின்னால், கடைசியாகப் பிழைத்திருந்த இடத்தில் ராஜி மறுபடி எழுந்து நிற்பாள். 'செக்பாயின்ட்' என்பார்களாம். எனக்கு அது வெகு நாள் பழக்கமான இடமாகத் தெரிந்தது. யோசித்தேன், முருங்கை மரம். பொட்டலம் கட்டிக் கொடுத்த பழைய அம்புலிமாமாக்களில் விக்கிரமாதித்தன் எத்தனை முறை வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருப்பான், எத்தனை முறை அது திரும்பப் போய்த் தொங்கியிருக்கும். ஆனால் விக்கிரமன் சரியான பதில் சொல்லித் தோற்றான். நான் தப்பான பட்டன் அமுக்கித் தோற்றேன். அவனுக்கு அரசாங்கம் இருந்தது. எனக்கு நடுவில் கொத்தமல்லி வாங்கப் போக வேண்டியிருந்தது.

கொத்தமல்லி விஷயம் சாதாரணமல்ல. அசுரர்கள் நாலு பேர் ராஜியைச் சுற்றி வளைத்து நிற்கும்போதுதான் மனைவிக்கு ரசம் ஞாபகம் வரும். கடை கேம்ப் ரோடு சிக்னலுக்கு அந்தப் பக்கம். தாம்பரம் வேளச்சேரி சாலையைக் கடந்தவர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டாம். வலது பக்கம் தண்ணீர் லாரி, இடது பக்கம் ஷேர் ஆட்டோ, எதிர்த் திசையில் தன் சொந்தச் சட்டத்தின்படி வரும் ஒரு ஸ்கூட்டர், நடுவில் மழைத் தண்ணீருக்கு அடியில் ஆழம் தெரியாத ஒரு பள்ளம். அங்கே செக்பாயின்ட் கிடையாது. அரை மணி நேரம் கழித்துக் கொத்தமல்லியோடு உயிருடன் திரும்பி வருவேன். ஒருவர்கூட பின்னணி இசை வாசித்ததில்லை. "கறிவேப்பிலை?" என்ற கேள்வி மட்டும் வரும்.

திரிசூலம் கிடைக்கும் இடத்தில் எனக்கு ஒரு அவமானம். முதல் நாள், மகள் ரொம்பப் பரபரப்பாக, "இப்போ திரிசூலம் எங்கே கிடைக்கும்னு பாருங்க" என்றாள். அடுக்களையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "தாம்பரத்துலேர்ந்து நாலாவது ஸ்டேஷன். சானட்டோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம். உங்கப்பாவுக்கு நல்லாத் தெரியுமே."

அம்மா ராமஜயத்தை மூடி வைத்துவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தாள். பேச்சை மாற்றுவதற்காக ராஜியை அவசரமாக ஓடவிட்டேன். பள்ளம்.

மகளிடம் என் பழைய பெருமையைச் சொல்லிப் பார்த்தேன். நானும் ஒரு காலத்தில் ஆடியவன். டிவியில் மாட்டும் கேம் பெட்டி எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பையனுக்கு நான் இரண்டு வருடம் கணக்கு ஹோம்வொர்க் எழுதிக் கொடுத்தது அதற்காகத்தான். மேரியோவில் எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், மொத்தம் முப்பத்திரண்டு. முதல் ஏழு உலகங்களில் ஒவ்வொன்றின் முடிவிலும் கோட்டைக்குள் நெருப்பைத் தாண்டிப் போய் நின்றால், காளான் தலையன் ஒருவன், இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்பான். 1985இல் ஜப்பான்காரர்கள் அதை விளையாட்டு என்று நினைத்துச் செய்தார்கள். பிற்பாடு ஒரு சான்றிதழுக்காக நான் கவுண்டர் கவுண்டராக அலைந்தபோது, எனக்கு அளித்த பயிற்சி அது என்று விளங்கியது. இளவரசியை நான் கடைசி வரை பார்த்ததில்லை. சான்றிதழில் அப்பா பெயர் தப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் சென்டரில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. இதன் கதை நம் ஆட்களுக்கு மனப்பாடம். சுல்தான் ஊரில் இல்லை, மந்திரி ஜாஃபர் கெட்டவன், இளவரசிக்கு ஒரு மணி நேரம் கெடு. 'பாதாள பைரவி' பார்த்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை. மந்திரவாதியாக ரங்காராவ் வரவில்லையே என்கிற குறைதான். ஆனால் அந்த இளவரசன் ஓடுவதும், விளிம்பைப் பிடித்துத் தொங்குவதும், மூச்சு வாங்கி ஏறுவதும் பொம்மை போல இருக்காது, மனிதன் போல இருக்கும். 1989இல் அதைச் செய்த ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லிப் படம் பிடித்து, ஒவ்வொரு படமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். தம்பிகளை அண்ணன்கள் உருப்படியாகப் பயன்படுத்திக்கொண்டதற்கு உலக வரலாற்றில் கிடைக்கும் சில உதாரணங்களில் ஒன்று. ஒரு மணி நேரக் கெடுவில் நான் நாற்பது நிமிடம் முதல் கட்டத்திலேயே வாள் தேடுவேன். சென்டரில் மணிக்குப் பதினைந்து ரூபாய்.

"அப்போ நீங்க அப்பவும் இப்படித்தான் ஆடுவீங்களா?" என்றாள் மகள்.

இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி, தன் பங்குக்கு அவள் ஒரு செய்தி சொன்னாள். கண்ணெல்லாம் மின்னச் சொன்னாள். இந்த விளையாட்டைச் செய்து முடிக்கப் பணம் போதவில்லை. கிக்ஸ்டார்ட்டரில் பொதுமக்களிடம் திரட்டிப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. கம்பெனி நின்றுவிடும் நிலைமை. அப்போது ஆரம்பித்தவர்களில் ஒருவர் தன் பிளாட்டை விற்றுப் பணத்தைப் போட்டாராம்.

நான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன்.

"எதை வித்தார்?"

"பிளாட்டைப்பா. சொந்த பிளாட். ஒரு கதை சொல்றதுக்காக! சூப்பர்ல?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதுவரை என் கையில் எத்தனையோ அசுரர்கள் வந்து போனார்கள், ஒருவரும் என்னை அப்படிக் கலக்கியதில்லை. சேலையூரில் எங்கள் இரண்டு படுக்கையறை பிளாட் இருபது வருடத் தவணையில் நிற்கிறது. அதற்காக நான் பதினோரு வருடமாக ஒரே செருப்பு மாடலில் நடக்கிறேன். அதன் மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது, நகல் பீரோவில் இருக்கிறது, நகலின் நகல் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கொலு பொம்மைகளுக்கு அடியில் இருக்கிறது. கோடையில் போர் வற்றினால் லாரித் தண்ணீருக்கு வரிசை, மழையில் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர், இருந்தாலும் எனக்கு அதுதான் ராஜ்யம், அதுதான் கோட்டை. என் மட்டில் கதை என்றால், பிளாட் வாங்கியதோடு முடிவது. சுபம் போட்டுவிட்டார்கள். பிளாட்டை விற்று ஆரம்பிக்கிற கதையும் இருக்கிறது என்றால், என் மகள் அதைக் கண் மின்னச் சொல்கிறாள் என்றால், பீரோ சாவியை இடம் மாற்றி வைப்பது ஒரு தகப்பனின் கடமை. அன்று ராத்திரியே வைத்தேன். எங்கே வைத்தேன் என்பது மறந்து, மூன்றாம் நாள் காஸ் சிலிண்டர்காரருக்குக் கடன் சொன்னேன்.

ஆனால் அதற்குப் பிறகு நான் கொஞ்சம் மரியாதையாக ஆடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் வீட்டை விற்றுக் கட்டிய கோட்டைக்குள் கண்டபடி உருளக் கூடாது. சுவரில் வரைந்திருக்கும் ஓவியங்களுக்கு முன் நிற்கக் கற்றுக்கொண்டேன். நின்றால் அந்தக் கடவுளின் கதையைச் சொல்வார்கள். நடுநடுவே கதையை நிழல் பொம்மைகளாக ஆட்டியும் காட்டுவார்கள், நம் தோல்பாவைக் கூத்து மாதிரி. ராஜியைச் சுவர் சுவராக நிறுத்திப் பார்த்ததில் எனக்கு ஒரு வெட்கமும் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து வண்டியில் கால் மணி நேரத்தில் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர். சோழர் காலத்துக் கோயில், யானையின் பின்புறம் போல வளைந்த கருவறை. அங்கே ஒரு தூணில் சரபேஸ்வரர். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டத்தோடு கூட்டமாக எத்தனையோ தரம் போயிருக்கிறேன். ஒரு தடவையாவது அந்தத் தூணுக்கு முன்னால் நின்று, இது யார், பறவையா சிங்கமா, எதற்காக வந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேனா? புளியோதரைக்கு வரிசை நகர்கிறது, சீக்கிரம் வா என்றுதான் சொன்னேன். அம்மா இதைத் தன் பாணியில் முடித்தாள்: "அங்கே போனா கரண்டு செலவும் இல்லை."

நாலாவது வாரம், ராஜி எங்கோ உயரத்தில் ஒரு விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போது மகன் கேட்டான்: "அந்தத் தம்பி எதுக்கு மாட்டினான்? ஓட வேண்டியதுதானே?"

"அவன் சின்னப் பையன்டா."

"உங்கப்பா சின்னப் பையனா இருந்தப்போ யாரும் தூக்கிண்டு போகலை" என்றாள் அம்மா, பேனாவை மூடியபடி. "தானாவே போனான்."

முப்பத்து நாலு வருடத்துப் பழைய அந்தக் கதையை நான் என் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் போயிற்று.

1988. எனக்குப் பத்து வயது. சின்ன மாமாவை வழியனுப்பத் தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தோம். அப்போது மீட்டர் கேஜ் மின்சார ரயில். வேர்க்கடலைக்காரர் ஒருவர் பீச் போகும் வண்டியில் ஏறினார். அவர் பின்னால், மந்திரித்து விட்ட மாதிரி, நானும் ஏறினேன். கடலை வாங்கி, காசு கொடுத்து, சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது வண்டி கிளம்பிவிட்டது. இறங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, கடலை சூடாக இருந்தது.

பதினாலு வயது அக்காதான் பார்த்தாள். அம்மா மாமாவோடு ஊறுகாய் ஜாடி பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா யாரிடமும் சொல்லவில்லை, டிக்கெட் எடுக்கவில்லை, அடுத்த வண்டியில் ஏறினாள். சானட்டோரியத்தில் இறங்கினாள், பிளாட்பாரம் முழுக்க ஓடிப் பார்த்தாள், அடுத்த வண்டி. குரோம்பேட்டையில் இறங்கினாள், ஓடினாள், அடுத்த வண்டி. பல்லாவரம், அதே போல. நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே ஏர்போர்ட். நான் பெஞ்சில் உட்கார்ந்து, இறங்குகிற விமானங்களைக் கடலைத் தோலால் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு விமானத்துக்கு ஒரு தோல்.

அவள் ஓடி வந்து முதலில் ஒன்று கொடுத்தாள். காது இரண்டு நாள் பாடியது. திரிசூலம் என்றால் எனக்கு இன்றைக்கும் அக்காவின் வலது உள்ளங்கைதான். பிறகுதான் அழுதாள். டிக்கெட் பரிசோதகர் வந்து அவளிடம் டிக்கெட் கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். அவர் என்னைப் பார்த்தார், தோல்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் இரண்டு பேரையும் தாம்பரம் வண்டியில் ஏற்றிவிட்டார்.

"இவன் அழவே இல்லை" என்று அம்மா முத்தாய்ப்பு வைத்தாள். "கடலை தீர்ந்து போச்சுன்னுதான் பல்லாவரத்துல அழுதானாம்."

மகள் என்னைப் பார்க்கவே இல்லை. அவளுக்குள் வேறு கணக்கு ஓடியது. "அத்தையா? நம்ம திருச்சி அத்தையா? டிக்கெட் இல்லாமலா?" பாங்க் மேனேஜராக இருக்கும் அத்தை, பேனா மூடியைத் திறந்து வைத்தாலே கண்டிக்கும் அத்தை. மகன் அக்காவை ஏற இறங்கப் பார்த்தான்.

"நான் காணாமப் போனா நீ வருவியா?"

"கை சரியாகட்டும். அதுவரைக்கும் வீட்டுலயே இரு."

கட்டுப் பிரிப்பதற்கு முந்தின ராத்திரி நாங்கள் விளையாட்டை முடித்தோம். மகள் வாயால் ஆட, நான் கையால் ஆட, மனைவியே அடுக்களை விளக்கை அணைத்துவிட்டு வந்து நின்று, "இடது பக்கம், இடது பக்கம்ங்க!" என்று கத்தினாள். அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. தம்பி கிடைத்தானா என்பதை நான் சொல்லப் போவதில்லை, ஆட நினைப்பவர்கள் இருக்கலாம். முடிவு சட்டென்று நிற்கிறது, வாரப் பத்திரிகையில் 'தொடரும்' போட்ட மாதிரி. மகன் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தான்.

"மீதி எப்போ வரும்?"

"அவர் இன்னொரு பிளாட் வாங்கி, அதையும் விக்கணும்" என்றாள் மகள்.

எல்லோரும் படுத்த பிறகு பால்கனியில் வந்து உட்கார்ந்தேன். மழை விட்டிருந்தது. மணி பதினொன்றரை. என்ன தோன்றியதோ, திருச்சிக்கு போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"எங்கடா இருக்கே?"

"வீட்லதான்க்கா."

"அப்புறம் எதுக்குடா இந்நேரத்துல போன்? தூங்கு போ" என்று சொல்லிவிட்டு, வைக்காமல் இருந்தாள்.